பழைய டிராகன் அனிமேவ 2எக்ஸ்ல ஓட்டாதீங்க: கோத்தகிரில இருந்து ஒரு வழிகாட்டி

போன டிசம்பர் லீவுக்கு என் சித்தி பையன் திருப்பூர்ல இருந்து மேல வந்திருந்தான், காலேஜ் முதல் வருஷம், அனிமேன்னு சொல்ற ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு கம்பளிக்குள்ள சுருண்டுகிட்டு போன்ல ஒண்ணு ஓட்டிட்டு இருந்தான், என்னடான்னு எட்டிப் பாத்தா லாரில அடிபட்டு செத்தவன் வேற உலகத்துல கண்ணு முழிச்சு முதல் எபிசோட் முடியுறதுக்குள்ள எல்லா சக்தியும் வாங்கிட்டான், அதையும் இவன் 2எக்ஸ் ஸ்பீடுல பாக்குறான். நான் சும்மா இருந்திருக்கலாம். "டேய் இதுக்கெல்லாம் தாத்தா ஒண்ணு இருக்கு பாரு"ன்னு சொல்லி டிவில 1990ல வந்த ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்ங்கற அனிமேவ போட்டேன். பத்தே நிமிஷம். "ணா, என்னணா இது ஸ்லைடு ஷோவா, யாருமே அசைய மாட்டேங்குறாங்க"ன்னுட்டு திரும்ப கம்பளிக்குள்ள போயிட்டான்.

கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சா தப்பு என் மேல தான். காரக் குழம்ப சோறு இல்லாம வெறுமனே குடிக்கக் குடுத்தா யாரா இருந்தாலும் துப்பத்தான் செய்வான். அடுத்த ஏழெட்டு நாள்ல அவன எப்படி வழிக்கு கொண்டு வந்தேன், அத வச்சு தான் இத எழுதுறேன். வாள், கோட்டை, எல்ஃப் (நீளக் காதோட ரொம்ப காலம் வாழுற கற்பனை இனம்), டிராகன்னு 80கள் 90கள்ல வந்த ஃபேன்டஸி அனிமே எல்லாம் ஏன் இன்னும் ஒரு கூட்டம் விடாம பாக்குதுன்னு புரியாம இருக்கீங்கன்னா, இல்ல ஒரு தடவ ஆரம்பிச்சு தூக்கம் வந்து விட்டுட்டீங்கன்னா, உங்களுக்கு தான் இது.

முதல்ல ஸ்பீட 1எக்ஸ்ல வைங்க. இத சொன்னாலே பசங்க சிரிக்கிறாங்க, ஆனா காரணம் இருக்கு. லோடோஸ் எப்படி பொறந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த வேகம் ஏன் அப்படின்னு தானா புரிஞ்சுடும். 1974ல அமெரிக்காவுல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டு வந்துச்சு, நாலஞ்சு பேரு ஒரு மேசைய சுத்தி உக்காருவாங்க, ஒருத்தர் கதை சொல்லுவாரு, மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்குவாங்க, சண்டை வந்தா நாம தாயக்கட்டை உருட்டுற மாதிரி டைஸ் உருட்டி அடி விழுந்துச்சா இல்லையான்னு பாப்பாங்க. ஜப்பான்ல ரியோ மிசுனோன்னு ஒருத்தர் இந்த கதை சொல்ற ஆளா உக்காந்து கூட்டாளிங்களோட ஆடுனாரு, அந்த ஆட்டத்துல யாரு என்ன பேசுனாங்கன்னு அப்படியே எழுத்தாக்கி 1986ல இருந்து காம்ப்டிக்னு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைல தொடரா போட்டாங்க, அது பிச்சுக்கிட்டு ஓடுச்சு, 1988ல நாவலாச்சு, 1990ல அனிமே ஆச்சு. அதுல டீட்லிட்னு ஒரு எல்ஃப் பொண்ணு வரும், நீளக் காது, இன்னிக்கு அனிமேல எந்த எல்ஃப பாத்தாலும் காது இவ்ளோ நீளமா இருக்கே, அந்த வழக்கம் பரவுனதுல இந்தப் பொண்ணுக்கு பெரிய பங்கு. அந்த மேசைல டீட்லிட்டா ஆடுனது யாருன்னா ஹிரோஷி யமமோட்டோன்னு ஒரு ஆம்பள எழுத்தாளர். நம்ம தெருக்கூத்துல திரௌபதி வேஷம் ஆம்பள கட்டுற மாதிரி தான்.

இப்ப பாருங்க, மேசைல ஆறு பேரு உக்காந்திருந்தா ஆறு பேருக்கும் வேலை வேணும். அதனால தான் லோடோஸ் கூட்டத்துல வாள் வீரன் பார்ன், எல்ஃப் டீட்லிட், குள்ள இனத்து ஆளான ட்வார்ஃப் கிம், பூசாரி எட்டோ, மந்திரவாதி ஸ்லெய்ன், திருடன் வுட்சக்னு ஆளுக்கொரு தொழில். திருடனுக்கு பூட்டு திறக்கத் தெரியும் பூசாரிக்கு காயம் ஆத்தத் தெரியும், யாருக்கும் எல்லாம் தெரியாது. ஹீரோ பார்ன் ஆரம்பத்துல சுமாரான ஆளு, வீரம் மட்டும் நெறைய, அடி வாங்கிட்டே இருப்பான். ஒரே ஆளு எல்லாத்தையும் ஊதித் தள்ளுற கதைய பாத்துப் பழகுன கண்ணுக்கு இது மெதுவா தான் தெரியும், ஏன்னா இது கூட்டமா நடந்து போற கதை. கோத்தகிரில இருந்து கோடநாடு போற பஸ்ஸ விட்டுட்டு நாலு பேரா நடந்து பாருங்க, ஒருத்தனுக்கு குறுக்கு வழி தெரியும் ஒருத்தன் கைல முறுக்கு இருக்கும் ஒருத்தன் பேசியே கொல்லுவான், அப்படி தான். அந்த நடைய 2எக்ஸ்ல ஓட்டுனா மிஞ்சுறது என்ன?

சரி, ரெண்டாவது விஷயம், எதுல ஆரம்பிக்கிறது. இங்க தான் நான் கோட்டை விட்டேன். புதுசா வர்றவங்களுக்கு நேரா லோடோஸ போடாதீங்க. பின்னாடி இருந்து முன்னாடி போங்க.

2023ல வந்த ஃப்ரீரென் தான் தூண்டில். முதல் சீசன் 28 எபிசோட், பண்ணுனது மேட்ஹவுஸ், 1990ல லோடோஸ பண்ணுன அதே ஸ்டூடியோ. கதை எங்க ஆரம்பிக்குதுன்னா அசுர ராஜாவ கொன்னு 10 வருஷ பயணம் முடிஞ்சு நாலு பேரு ஊருக்கு திரும்பி வர்ற இடத்துல. அதாவது மத்த கதை எல்லாம் எங்க முடியுமோ அங்க. வானத்துல 50 வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற எரிகல் மழைய நாலு பேரும் பாக்குறாங்க, அடுத்த தடவயும் சேர்ந்து பாப்போம்னு ஃப்ரீரென் அசால்ட்டா சொல்லுது, அது எல்ஃப், ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழ்ந்த ஜென்மம், 50 வருஷம்னா அதுக்கு போன வாரம் மாதிரி. திரும்பி வரும்போது அந்த நாலு பேர்ல வீரனா இருந்த ஹிம்மல் கெழவன் ஆயிட்டான்.

இந்த இடத்துல எங்க பாட்டி, அது கணப்பு பக்கத்துல உக்காந்து அவரை உரிச்சுக்கிட்டு அரைக் கண்ணுல டிவிய பாத்துட்டு இருந்துச்சு, "அந்தப் புள்ளைக்கு அது குறிஞ்சி மாதிரிடா"ன்னுச்சு. எனக்கு சிலிர்த்துப் போச்சு. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவ, 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்து 2030. பாட்டி வயசு கேட்டா எத்தன குறிஞ்சி பாத்துச்சுன்னு தான் சொல்லும், அடுத்தத பாப்பேனான்னு கூடவே ஒரு கேள்வியும் வரும். எல்ஃப் ஏன் இந்தக் கதைகள்ல இருக்கு, வெறும் அழகுக்கா காதுக்கான்னு கேட்டா இதுக்குத்தான், காலத்த அளக்குறதுக்கு மனுசனுக்கு பக்கத்துல ஒரு நீளமான அளவுகோல் வைக்கிறாங்க. டீட்லிட் பார்ன் மேல ஆசப்படுறதுலயும் இந்த வலி தான் அடியில ஓடும், ஆனா பழைய அனிமேல அத வாய்விட்டு சொல்லவே மாட்டாங்க, நீங்க தான் புடிச்சுக்கணும்.

தூண்டில்ல மீன் மாட்டுனதும் ஸ்லேயர்ஸ் போடுங்க. 1995, முதல் சீசன் 26 எபிசோட், அப்பறம் 1996லயும் 1997லயும் அடுத்தடுத்து வந்துச்சு. லீனா இன்வெர்ஸ்னு ஒரு சின்னப் பொண்ணு, பெரிய சூனியக்காரி, கொள்ளக்காரங்கள கொள்ளையடிச்சு பொழப்பு ஓட்டுறவ, ரெண்டு ஆளு சாப்பாட்ட ஒரே ஆளா தின்னுட்டு பக்கத்துல இருக்குறவன் தட்டுலயும் கை வைப்பா. டிராகனே இவள பாத்தா ஒதுங்கிப் போகும்னு பட்டப்பேரு. கோவம் வந்தா டிராகன் ஸ்லேவ்னு ஒரு மந்திரம் போட்டு எதிரியோட சேத்து ஊரையே காலி பண்ணிடுவா. இதுல ஆழம் தேடாதீங்க (இருக்கு, பின்னாடி எபிசோட்ல வரும்), சிரிச்சுட்டுப் போங்க. இத போடச் சொல்றது ஒரு காரணத்துக்காக, பழைய வரைபாணிக்கு கண்ணு பழகணும், காமெடி பாக்கும்போது கண்ணு கேள்வி கேக்காம பழகிடும். என் தம்பி மூணாவது எபிசோட்ல விழுந்து விழுந்து சிரிச்சான், ஸ்லைடு ஷோ பேச்சு அதோட நின்னுபோச்சு.

இப்ப லோடோஸ். மொத்தம் 13 எபிசோட் தான், ஒண்ணு 25 நிமிஷம்னு வச்சா அஞ்சரை மணி நேரம், 1990ல ஆரம்பிச்சு 91 வரைக்கும் வீடியோ கேசட்டா ஒவ்வொண்ணா வந்துச்சு. டிவில வராம நேரா கேசட்ல வித்ததால அதுக்கு ஓவிஏன்னு பேரு. 1998ல 27 எபிசோட்ல ஒரு டிவி தொடரும் வந்துச்சு, அது அப்பறம், முதல்ல 13ஐ முடிங்க.

முதல் எபிசோட் பாத்து முழிப்பீங்க, எல்லாரும் முழிக்கிறது தான். ஆறு பேரும் ஏற்கனவே கூட்டாளிங்க, ஒரு பழைய ட்வார்ஃப் சுரங்கத்துக்குள்ள போறாங்க, ஒரு டிராகன் வருது, யாரு என்னன்னு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது எபிசோட் பின்னோக்கி போய் இவங்க எப்படி சேர்ந்தாங்கன்னு சொல்லும். அதனால முதல் எபிசோட்ட சினிமா டிரெய்லர் மாதிரி பாருங்க, பேர மனப்பாடம் பண்ணாதீங்க. வரிசைய மாத்திப் பாக்கலாம்னு சில பேரு சொல்லுவாங்க, வேண்டாம், தெரியாத ஆளுங்களோட இருட்டுக்குள்ள நடக்குற அந்த ஒரு பயம் அப்பறம் கிடைக்காது.

அப்பறம் அந்த அசையாத விஷயம். அந்தக் காலத்துல அனிமே பண்ண கம்ப்யூட்டர் இல்ல, ஒவ்வொரு அசைவையும் காகிதத்துல கையால வரஞ்சு, கண்ணாடி மாதிரி ஒரு ஷீட்டுக்கு மாத்தி பின்பக்கம் பெயின்ட் அடிச்சு, கீழ பின்னணி ஓவியத்த வச்சு கேமராவுல படம் புடிக்கணும், ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். லோடோஸ்ல கவசத்த பாருங்க, எத்தன மடிப்பு எத்தன ஆணி, முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா, அத்தன கோடையும் ஒவ்வொரு படத்துலயும் திரும்பத் திரும்ப கையால போடணும்னா எவன் போடுவான். அதனால அசைவ கொறச்சுட்டு ஓவியத்துல காச கொட்டுனாங்க, கேமரா தான் படத்து மேல மெதுவா நகரும். இது தெரிஞ்சப்பறம் நீங்க பாக்குற விதமே மாறிடும். நகரலயேன்னு கோவப்படுறதுக்கு பதிலா அங்கங்க பாஸ் பண்ணி கோட்டைச் சுவத்துல பாசி எப்படி படிஞ்சிருக்குன்னு பாக்க ஆரம்பிச்சிடுவீங்க. நான் அப்படி பாஸ் பண்ணிப் பாத்துட்டு மறுநாள் குன்னூர் பக்கம் துரூக் கோட்டைக்கு அவன கூட்டிட்டுப் போனேன், திப்பு சுல்தான் காலத்துல காவலுக்கு வச்சிருந்த எடம், தேயிலத் தோட்டம் வழியா நடந்து ஏறணும், மேல போனா ஒரு இடிஞ்ச சுவரு தான் மிச்சம், கீழ மொத்த சமவெளியும் மூட்டத்துல மறஞ்சு கெடந்துச்சு. பய பேசவே இல்ல, அப்பறம் மெதுவா "ணா அந்த அனிமேல பெயின்டிங்கு இப்படித் தானே இருந்துச்சு"ன்னான்.

டிவி செட்டிங்ல ஒண்ணே ஒண்ணு, படம் 4:3ல, அதாவது பழைய டிவி மாதிரி அகலம் கம்மியா தான் இருக்கும், ரெண்டு பக்கமும் கருப்பு வரும், அத இழுத்து முழுத் திரைக்கு ஆக்காதீங்க, டீட்லிட் மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடும். ஏஐ போட்டு பளபளன்னு ஆக்குன வெர்ஷனும் சுத்துது, தோலெல்லாம் மெழுகு பொம்ம கணக்கா வழவழன்னு இருக்கும், தொடாதீங்க. ஜப்பானிய ஆடியோவும் சப்டைட்டிலும் என் சாய்ஸ், பாட்டி கூட உக்காந்தா நான் தான் சப்டைட்டில், சத்தமா தமிழ்ல சொல்லிக்கிட்டே போவேன், அது தனி சுகம்.

மேப் ஒண்ணு வரஞ்சுக்கோங்க, நெசமாத்தான், நோட்டுல பேனாவால. லோடோஸ் ஒரு தீவு, சபிக்கப்பட்ட தீவுன்னு பேரு, அதுல அலானியா, வாலிஸ், பாலைவனத்துல ஃபிளெய்ம்னு தனித்தனி ராஜ்ஜியம், தென்கிழக்க கடல் தாண்டி மார்மோன்னு இருட்டுத் தீவு, அங்க பெல்டுன்னு ஒரு சக்கரவர்த்தி. அஞ்சு பழங்கால டிராகன் ஆளுக்கொரு பொக்கிஷத்த காத்துட்டு இருக்கு. மேப் இல்லாம பாத்தா ராஜா பேரெல்லாம் குழம்பும். மலைல இருக்குற நமக்கு இது ஈசியா வரும், ஏன்னா ஒரு மலைத்தொடர் நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் வேற வேற உலகம்னு நமக்குத் தெரியும், ஜூலைல ஊட்டி கூடலூர் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும்போது தொட்டபெட்டா மறைச்சு நமக்கு தூறல் தான், நம்ம மழை ஐப்பசி கார்த்திகைல வர்றது. பழைய காலத்துல இதே மலைல தோடர் நெய் குடுக்க கோத்தர் இரும்பும் பானையும் குடுக்க படகர் தானியம் குடுக்கன்னு ஆளுக்கொரு மொழி ஆளுக்கொரு தொழிலோட பண்டமாத்து நடந்துச்சு. அதுக்காக நம்ம ஜனங்கள எல்ஃப் ட்வார்ஃப்னு ஒப்பிட்டு பேசிடாதீங்க, அது டூரிஸ்ட் புத்தி. நான் சொல்ல வர்றது என்னன்னா, பள்ளத்தாக்கு மாறுனா பேச்சு மாறும் தெய்வம் மாறும்ங்கறது நமக்கு கற்பன இல்ல, அதனால அந்த உலகத்த நம்புறதுக்கு நமக்கு ரொம்ப சிரமம் இல்ல.

டிராகனும் அப்படித்தான். திருப்பூர்ல இருக்குறவனுக்கு மிருகம்னா வீடியோ கேம்ல அடிச்சா காசு விழுற சமாச்சாரம். இங்க ராத்திரி கடைய சாத்திட்டு வரும்போது ரோட்டு வளைவுல காட்டெருமை நிக்கும், ஹெட்லைட்ட அணைச்சுட்டு அது நகர்ற வரைக்கும் காத்திருக்கணும், கரடி கோயிலுக்குள்ள பூந்து வெளக்குல இருக்குற எண்ணெய குடிச்சுட்டு போகும். அத நாம ஜெயிக்கணும்னு யாரும் நெனக்கிறதில்ல, ஒதுங்கி வழி விடுறோம். லோடோஸ்ல டிராகன் வந்தா ஆறு பேரும் அப்படித்தான் முதல்ல உறைஞ்சு நிப்பாங்க, அந்தப் பயத்துக்கு மரியாத இருக்கு.

வில்லி கர்லா பத்தி ஒரு வார்த்த சொல்லிடறேன், கதைய கெடுக்காம. ஏழு கடல் ஏழு மலை தாண்டி கிளிக்குள்ள உயிர வச்சிருக்குற அரக்கன் கதை கேட்டு வளந்தவங்க தானே நாம, கூடு விட்டு கூடு பாயுற சித்தர் கதையும் தெரியும். கர்லா அந்த ரெண்டும் சேந்த ஆளு, உயிரு நெத்திப்பட்டைல இருக்கு, அத யாரு மாட்டுறாங்களோ அவங்க உடம்பு கர்லாவோடது. நூத்துக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன மந்திர ராஜ்ஜியத்துல மிச்சம் இருக்குற ஒருத்தி. அவளுக்கு நாட்ட புடிக்கணும்னு ஆசையே இல்ல. நல்லவங்க கை ஓங்குனாலும் கெட்டவங்க கை ஓங்குனாலும் கடைசில எல்லாம் மொத்தமா அழியும், அதனால எவனையும் முழுசா ஜெயிக்க விடக்கூடாதுன்னு தராசு புடிச்சுட்டு நிக்கிறா. இவ பேசுறத கேட்டா ஒரு நிமிஷம் சரின்னு படும், அங்க தான் இந்தக் கதை மத்த வாள் சண்டை கதைகள விட ஒரு படி மேல.

அதுக்கு மேல போறவங்களுக்கு சுருக்கமா. எஸ்காஃப்ளோன், 1996, 26 எபிசோட், ஹிட்டோமின்னு பள்ளிக்கூட ஓட்டப்பந்தய பொண்ணு கையானு வேற உலகத்துக்குப் போறா, அங்க வானத்துல நம்ம பூமியும் நிலாவும் தெரியும், வீரனுங்க கவசம் போட்ட எந்திரத்துக்குள்ள ஏறி சண்ட போடுவாங்க. லோடோஸ் ஆளுங்கள வரஞ்ச நொபுதெரு யூகி தான் இதுக்கும் கதாபாத்திரங்கள வடிவமைச்சது, மூக்க பாத்தாலே கண்டுபுடிச்சிடலாம். யோக்கோ கன்னோவும் ஹஜிமே மிசோகுச்சியும் போட்ட பின்னணி இசைக்கு நல்ல ஹெட்போன் மாட்டுங்க. பெர்சர்க், 1997, 25 எபிசோட், இத குழந்தைங்க இருக்குற வீட்ல போடாதீங்க, தனியா பாருங்க, மனசு சரியில்லாத நாள்ல தொடவே தொடாதீங்க, ரத்தம் மட்டும் இல்ல பாலியல் கொடுமையும் இருக்கு. ரெண்டு பேரோட நட்ப இவ்ளோ நுணுக்கமா காட்டுன அனிமே கம்மி, ஆனா முடிவு அந்தரத்துல தொங்கும், மங்கா, அதாவது மூலக் காமிக்ஸ் படிச்சா தான் மிச்சம். அத வரஞ்ச கென்டாரோ மியுரா 2021ல போயிட்டாரு, அவரு கூட்டாளி கோஜி மோரி மேற்பார்வைல இப்ப தொடருது.

எல்லாத்தையும் விட முக்கியம், தனியா பாக்காதீங்க (பெர்சர்க் தவிர). ஒரு நாளைக்கு ரெண்டு எபிசோட், அதுக்கு மேல கேட்டாலும் போடாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல டீ, வர்க்கி, அடுத்து என்ன நடக்கும்னு ஆளாளுக்கு அடிச்சுக்கணும். கேசட் வர்ற வரைக்கும் அந்தக் காலத்துல ஜப்பான்காரன் அப்படித்தானே காத்திருந்தான்.

தம்பி ஊருக்குப் போற முந்தின ராத்திரி ஏழாவது எபிசோட் போட்டோம், வாலிஸ் ராஜா ஃபானும் மார்மோ பெல்டும் நேருக்கு நேர் நிக்கிறாங்க, 30 வருஷத்துக்கு முன்னாடி ஒரே கூட்டத்துல தோளோட தோள் நின்னு அசுரன எதுத்தவங்க, இப்ப ரெண்டு பேரும் எதிரிங்க, வாள உருவுறாங்க, டப்புன்னு கரண்ட் போச்சு. வெளிய காத்து, எங்கயோ மரம் லைன் மேல விழுந்திருக்கணும், காலைல தான் வரும்னு தெரிஞ்சுபோச்சு. பய ஐயோன்னு கத்துறான், அவனுக்கு காலைல ஆறு மணிக்கு பஸ்ஸு. பாட்டி ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போய் தாயக்கட்டைய எடுத்துட்டு வந்து கணப்பு வெளிச்சத்துல வச்சுச்சு. அவன் ஃபான், பாட்டி பெல்டு, தாயம் விழுந்தா வெட்டு, நான் கதை சொல்றவன். மூணு உருட்டுல பாட்டி அவன முடிச்சிருச்சு. "பாட்டி இது செல்லாது, ராஜாவுக்கு கவசம் இருக்குல்ல"ன்னு அவன் மல்லுக்கு நிக்க, அப்ப கவசத்துக்கு எத்தன உருட்டுன்னு நாங்க புதுசா கணக்கு போட, மணி பன்னெண்டு ஆயிருச்சு.

நெசமான ஏழாவது எபிசோட்ல யாரு ஜெயிச்சதுன்னு நான் இங்க சொல்ல மாட்டேன். அவன் மேட்டுப்பாளையம் தாண்டும்போதே போன்ல பாத்துட்டு மெசேஜ் போட்டான், "1எக்ஸ்ல தான் பாத்தேன்ணா".